ராஸ்பெர்ரி இலையைத் தின்றது யார்? ஒரு வண்டின் நூறாண்டுக் கதை

போன கட்டுரையில் அடுத்தது ரயில் பாதைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது கொஞ்சம் தள்ளிப் போகிறது. நடுவில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டுக் கொல்லையில் ஆசையாக வளர்க்கும் ராஸ்பெர்ரிச் செடி. இலையெல்லாம் சல்லடை. நரம்பு மட்டும் மிச்சம், நடுவில் இருந்த பச்சையைக் காணோம். அதன் மேல் நாலைந்து வண்டுகள் கும்பலாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுகின்றன. கூடவே ஒரு குரல் செய்தி: "டேய் தம்பி, நீதான் ஊர்ப்பட்ட விஷயம் எல்லாம் எழுதறியே, இது என்ன வண்டுன்னு பார்த்துச் சொல்லு. பார்த்தா நம்ம ஊரு பொன்வண்டு மாதிரி அழகா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மருந்து டப்பா குடுத்திருக்கார். அடிக்கலாமா? பாப்பா அந்தப் பழத்தைப் பறிச்சு அப்படியே வாயில போடுறா, அதான் பயமா இருக்கு."

நான் வரலாறு படிக்கிறவன். பூச்சிகளோடு எனக்கு உள்ள உறவு கொசு அடிப்பதோடு சரி. ஆனாலும் அக்கா கேட்டுவிட்டாளே என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போன இடம் கடைசியில் என் பாடத்துக்கே வந்து நின்றது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளை அடையாளம் காண்போம்

அந்த வண்டுக்கு ஆங்கிலத்தில் ஜப்பானிய வண்டு என்று பெயர். அறிவியல் பெயர் பாப்பிலியா ஜப்போனிகா. நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர், ஒரு காப்பிக்கொட்டை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையும் கழுத்துப் பகுதியும் உலோகம் போல மின்னும் பச்சை. முதுகை மூடும் இறக்கை ஓடுகள் செம்பு நிறம். இதுவரை பார்த்தால் அக்கா சொன்ன மாதிரி பொன்வண்டுக்குத் தம்பி போலத்தான் இருக்கும். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இதைப் பார்த்தால் கை பரபரக்கும்.

ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். நம்ம ஊரில் தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டு இருக்கிறதே, அதுதான் இந்த வண்டுக்கு உண்மையான சொந்தக்காரன்.

அடையாளம் காண்பதில் முக்கியமான குறி நிறம் இல்லை. பச்சையாக மின்னும் வண்டுகள் உலகத்தில் ஆயிரம் உண்டு. பார்க்க வேண்டியது வயிற்றின் ஓரம். இறக்கை ஓட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஐந்தாக வெள்ளை மயிர்க் குஞ்சங்கள் வரிசையாக இருக்கும். பின்புற நுனியில் இன்னும் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளி வைத்தது போலத் தெரியும். இந்தக் குஞ்சங்கள் இருந்தால் அவனேதான். இல்லையென்றால் வேறு ஆள்.

வேறு ஆள் என்றால் யார்? அமெரிக்கத் தோட்டங்களில் பச்சை ஜூன் வண்டு என்று ஒன்று உண்டு. இதைவிட இரண்டு மடங்கு பெரியது, வெல்வெட் துணி போன்ற மங்கிய பச்சை, வெள்ளைக் குஞ்சம் கிடையாது. ரோஜா வண்டு என்று இன்னொன்று. ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள், வைக்கோல் நிறம். ஐரோப்பாவில் தோட்ட வண்டு ஒன்று, பச்சைத் தலையும் பழுப்பு முதுகுமாக அச்சு அசலாக நம் ஆள் போலவே இருக்கும், ஆனால் குஞ்சம் இருக்காது. இவை தவிர ராஸ்பெர்ரி வண்டு என்றே பெயர் வாங்கிய ஒரு பூச்சியும் உண்டு. அது நாலு மில்லிமீட்டர் மட்டுமே உள்ள பழுப்பு வண்டு. அதன் புழு பழத்துக்கு உள்ளேயே இருக்கும். இலையைச் சல்லடை ஆக்குவது அதன் வேலை இல்லை.

இலையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். ஜப்பானிய வண்டு நரம்பை விட்டுவிட்டு இடையில் உள்ள சதையை மட்டும் தின்னும். இலை ஜரிகை வேலை செய்த துணி மாதிரி ஆகிவிடும். வெயில் படும் உச்சி இலைகளில் தொடங்கிக் கீழே இறங்கும். ஒரு வண்டு கடித்த இலையில் இருந்து கிளம்பும் வாசனை மற்ற வண்டுகளை அழைக்கும். அதனால்தான் பக்கத்துச் செடி பத்திரமாக இருக்க, ஒரே செடியில் கும்பலாக உட்கார்ந்திருக்கும். ராஸ்பெர்ரி, திராட்சை, ரோஜா என்று முந்நூறுக்கும் மேற்பட்ட செடி வகைகள் இதன் சாப்பாட்டுப் பட்டியலில் உள்ளன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக் குஞ்சங்கள் இருந்தன. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. இந்த வண்டு அமெரிக்காவில் முதல்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் நியூ ஜெர்சி. அக்கா இருக்கும் அதே மாநிலம்!

1916, ரிவர்ட்டன்

டெலவேர் ஆற்றங்கரையில், பிலடெல்பியாவுக்கு எதிர்ப்பக்கம், ரிவர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். 1916 ஆகஸ்ட் மாதம் அதன் அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் மாநில வேளாண் துறையைச் சேர்ந்த ஹாரி வைஸ், எட்கர் டிக்கர்சன் என்ற இருவர் வழக்கமான சோதனைக்குப் போனார்கள். அங்கே சில வண்டுகள் கிடைத்தன. அமெரிக்காவில் அதற்கு முன் யாரும் பார்த்திராத வண்டு. எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அன்றைக்கு அதைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது.

எப்படி வந்தது? ஜப்பானில் இருந்து வந்த ஐரிஸ் பூச்செடிகளின் வேர்மண்ணில் புழுவாக ஒளிந்து வந்திருக்க வேண்டும், அதுவும் 1912க்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணிப்பு.

அது என்ன 1912? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

டோக்கியோ நகரம் நட்பின் அடையாளமாக அனுப்பிய 2,000 செர்ரி மரக்கன்றுகள் 1910 ஜனவரியில் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தன. வேளாண் துறை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தால் பூச்சியும் நோயும் நிறைய. நட்புக்காக வந்த பரிசை என்ன செய்வது? கடைசியில் ஜனாதிபதி டாஃப்ட் சம்மதத்தோடு அத்தனையும் எரிக்கப்பட்டன. ஜப்பான் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் கவனமாகத் தேர்ந்தெடுத்து 3,020 மரங்களை அனுப்பியது. 1912 மார்ச் 27 அன்று ஜனாதிபதியின் மனைவியும் ஜப்பானியத் தூதரின் மனைவியும் முதல் இரண்டு மரங்களை நட்டார்கள். இன்றைக்கு வாஷிங்டனில் வசந்த காலத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் செர்ரிப் பூக்களின் கதை இதுதான்.

அதே 1912 ஆகஸ்டில் அமெரிக்காவின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் செடிகளைக் கண்டபடி இறக்குமதி செய்யக் கூடாது, சோதனை வேண்டும் என்பது அதன் சாரம். வேளாண் துறையின் சார்லஸ் மார்லாட் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். அதே துறையில், உலகம் முழுக்கச் சுற்றிப் புதுப் பயிர்களைக் கொண்டுவரும் வேலையில் இருந்த டேவிட் ஃபேர்சைல்ட் அதை எதிர்த்தார். இருவரும் பழைய நண்பர்கள் என்பது இதில் வேடிக்கை.

சட்டம் வந்தது, வாசல் கதவு சாத்தப்பட்டது. ஆனால் விருந்தாளி அதற்குள் வீட்டுக்குள் வந்து மண்ணுக்கடியில் படுத்துவிட்டான்.

ஜப்பானில் சாது, அமெரிக்காவில் அசுரன்

சொந்த ஊரில் இந்த வண்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அங்கே இதன் பெயர் மாமேகொகானே. மாமே என்றால் பயறு, அவரை மாதிரியான விதை. கொகானே என்பது பொன் வண்டு வகையைக் குறிக்கும் சொல். ஆக, ஏறக்குறைய "பயற்றுப் பொன்வண்டு". கேட்கவே செல்லமாக இருக்கிறது. ஜப்பான்காரர் அதை ஜப்பானிய வண்டு என்று சொல்ல மாட்டார் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள் இருப்பவனை ஊர்ப் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்?

அங்கே சாது, இங்கே அசுரன் ஆனது ஏன்? இரண்டு காரணம். முதலாவது, இதைத் தின்னும் குளவிகளும் ஈக்களும் ஜப்பானில் உண்டு, அமெரிக்காவில் அப்போது இருக்கவில்லை. இரண்டாவது, புல்வெளி. பெண் வண்டு ஒன்று நாற்பது முதல் அறுபது முட்டை வரை ஈரமான புல்தரையில் இடும். புழு மண்ணுக்குள் ஆங்கில "சி" எழுத்து போலச் சுருண்டு கிடந்து புல்லின் வேரைத் தின்னும். (நம் ஊர் நிலக்கடலை, கரும்பு விவசாயிகள் வேர்ப்புழு என்று தலையில் அடித்துக்கொள்வார்களே, அந்த ஜாதி.) குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய்விட்டு வசந்தத்தில் மேலே வரும். ஜூன் கடைசியில் வண்டாக வெளியே வந்து முப்பது, நாற்பது நாள் ஆட்டம் போடும். மலையும் காடும் நிறைந்த ஜப்பானில் அதற்கு ஏற்ற புல்வெளி குறைவு. அமெரிக்காவிலோ வீட்டுக்கு வீடு புல்வெளி. தண்ணீர் ஊற்றிப் பச்சைப் பசேல் என்று வளர்த்து, ஒரு நாடே சேர்ந்து அதற்குத் தொட்டில் கட்டியது.

நஞ்சும் நண்பர்களும்

ஆரம்பத்தில் அடியோடு ஒழித்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். மண்ணில் சோடியம் சயனைடு கரைசலை ஊற்றினார்கள். சாலையோரச் செடிகளுக்கு நஞ்சு தெளித்துத் தடை வளையம் போட்டார்கள். 1919ல் மத்திய அரசின் தனிமைப்படுத்தல் உத்தரவு வந்தது. வண்டு உள்ள பகுதியில் இருந்து மக்காச்சோளக் கதிர் வெளியே போகக் கூடாது. வண்டுக்கு இறக்கை உண்டு என்பதை உத்தரவு போட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், ஆனால் வேறு வழி இல்லை. 1920களின் தொடக்கத்திலேயே ஒழிப்பது நடக்காது, வேகத்தைக் குறைக்க மட்டும்தான் முடியும் என்பது புரிந்துவிட்டது.

அடுத்து வந்தது லெட் ஆர்சனேட். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த உப்பு. நாற்றுப் பண்ணை மண்ணில் இதைக் கலந்தால்தான் செடியை வெளியே அனுப்ப அனுமதி என்ற நிலை. பழத்தோட்டங்களிலும் இதைத் தெளித்தார்கள். புழு செத்தது உண்மை. ஆனால் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மக்கிப் போகும் பழக்கம் இல்லை. அமெரிக்காவில் இதன் பயன்பாடு 1988ல்தான் முழுதாகத் தடை ஆனது. பழைய பழத்தோட்ட நிலங்கள் சிலவற்றில் மண்ணைத் தோண்டினால் இன்றும் அது கிடைக்கிறது.

இன்னொரு பக்கம் வேறு விதமாக யோசித்தவர்களும் இருந்தார்கள். இந்த வண்டை அதன் ஊரில் அடக்கி வைப்பது யார் என்று பார்த்து அவர்களை அழைத்து வந்தால் என்ன? 1920ல் தொடங்கி கர்ட்டிஸ் கிளாசன் போன்ற பூச்சியியலாளர்கள் ஜப்பான், கொரியா, சீனா என்று அலைந்து ஒட்டுண்ணிப் பூச்சிகளைப் பிடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். பெரும்பாலானவை புது ஊரில் ஒட்டவில்லை. சில ஒட்டிக்கொண்டன. டிஃபியா என்ற குளவி மண்ணுக்குள் நுழைந்து புழுவின் மேல் முட்டை இடும். 1922ல் ஜப்பானில் இருந்து வந்த ஓர் ஈ, வண்டின் கழுத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல ஒரு முட்டை இடும். அதில் இருந்து வரும் புழு வண்டை உள்ளிருந்தே தின்றுவிடும்.

1933ல் நியூ ஜெர்சியில் பால் போல வெளுத்துப் போன சில நோயாளிப் புழுக்கள் கிடைத்தன. ஆராய்ந்ததில் அது ஒரு பாக்டீரியா. 1940ல் சாம்சன் டட்கி அதற்குப் பெயர் வைத்தார். மண்புழுவை, மனிதரை, செடியை எதையும் தொடாது, இந்த வகைப் புழுவை மட்டும் பிடிக்கும். 1939 முதல் 1953 வரை 14 கிழக்கு மாநிலங்களில் சுமார் 94,000 ஏக்கரில் இந்தத் தூளைப் போட்டார்கள். பின்னாளில் செய்த சில சோதனைகளில் இது எல்லா இடத்திலும் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் யாரையும் கொல்லாத ஒரு வழி கையில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள், அடுத்த பகுதிக்கு அது தேவை.

பூனைகள் செத்த ஊர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி, ஆல்ட்ரின், டைல்ட்ரின் என்று புது நஞ்சுகள் சந்தைக்கு வந்தன. விலை மலிவு, விமானத்தில் ஏறித் தூவிவிட்டு வந்துவிடலாம்.

1954ல் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்டன் பகுதியில் டைல்ட்ரின் தூவினார்கள். வண்டு கிழக்கில் இருந்து முன்னேறி வருகிறது, தடுக்கிறோம் என்றார்கள். மண்ணில் நஞ்சு பட்டுத் துடித்து வெளியே வந்த புழு பூச்சிகளைப் பறவைகள் தின்றன. ராபின் பறவைகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. ஆடுகள் செத்தன. அந்தப் பகுதிப் பண்ணைப் பூனைகளில் 90 சதவீதம் முதல் பருவத்திலேயே செத்துப்போனதாக ரேச்சல் கார்சன் எழுதுகிறார். 1959ல் டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதிகள் உட்பட சுமார் 27,000 ஏக்கரில் விமானத்தில் இருந்து ஆல்ட்ரின் குருணை கொட்டப்பட்டது. வீட்டுக் கூரையில், முற்றத்தில், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் மேல் எல்லாம் விழுந்தது. ஏன் ஆல்ட்ரின்? இருந்தவற்றில் அதுதான் மலிவு.

கார்சனின் 'மௌன வசந்தம்' 1962ல் வெளிவந்தது. டிடிடி பற்றிய புத்தகம் என்றுதான் நம்மில் பலருக்கு அது தெரியும். அதில் ஒரு அத்தியாயமே பெரும்பாலும் இந்த ஜப்பானிய வண்டைப் பற்றியது என்பது எனக்கும் இப்போதுதான் தெரிந்தது. அவர் வண்டு நல்லது என்று வாதாடவில்லை. கிழக்கு மாநிலங்கள் குளவியையும் பால் நோயையும் வைத்துக் கட்டுக்குள் கொண்டுவந்த ஒரு பூச்சிக்காக மேற்கில் இவ்வளவு நஞ்சு எதற்கு என்றுதான் கேட்டார். பால் நோய்த் தூள் செலவு அதிகம் என்று இல்லினாயில் ஒதுக்கிவிட்டார்களாம். செத்துப்போன பறவைகளும் பூனைகளும் அந்தக் கணக்கில் வரவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது?

இதுவரை பூச்சி வரலாறு. இனி மனித வரலாறு. இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

வண்டு பரவிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜப்பானியக் குடியேறிகள் மேல் வெறுப்பும் பரவியது. 1913ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது, குடியுரிமை பெறத் தகுதி இல்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று. எழுத்தில் ஜப்பான் என்ற பேரே இல்லை, ஆனால் யாருக்காகப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 1924ல் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வருகையை அடியோடு நிறுத்தியது. செய்தித்தாளில் ஒரு பக்கம் ஜப்பானிய வண்டின் படையெடுப்பு, இன்னொரு பக்கம் ஜப்பானியரின் படையெடுப்பு. வார்த்தைகள் ஒன்றே. எது பூச்சிக்கு, எது மனிதருக்கு என்ற கோடு மெல்ல அழிந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர். 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவு எண் 9066ன்படி மேற்குக் கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். முதலில் வெளியேற்றப்பட்டது வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவுக்காரர்கள், 1942 மார்ச் 30ல், 227 பேர். அவர்களில் பல குடும்பங்கள் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள். பழம் பழுக்கும் பருவத்துக்கு முன்னால் தோட்டத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

1945 மார்ச்சில் 'லெதர்நெக்' என்ற கடற்படைவீரர் பத்திரிகை ஒரு கேலிச்சித்திரம் போட்டது. ஜப்பானியரைப் பேனாக வரைந்து, கேலியாக ஒரு லத்தீன் அறிவியல் பெயரும் வைத்து, பூச்சி மருந்து விளம்பரம் போல ஒரு குறிப்பு. நோயைத் தீர்க்க வேண்டுமானால் டோக்கியோவில் உள்ள இனப்பெருக்க இடங்களையே அழிக்க வேண்டும் என்ற பொருளில். அதே மாதம் 9, 10 தேதிகளில் டோக்கியோவில் நெருப்புக் குண்டுகள் விழுந்தன. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். கேலிச்சித்திரத்தால்தான் குண்டு விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. போருக்கு வேறு காரணங்கள் உண்டு, ஜப்பான் ராணுவம் ஆசியாவில் செய்த கொடுமைகளும் சின்னவை அல்ல. ஆனால் ஒரு மனிதனைப் பூச்சி என்று சொல்லிப் பழகிய பிறகு மருந்து அடிப்பது சுலபமாகிவிடுகிறது. இதை எந்த நாட்டு வரலாற்றைப் புரட்டினாலும் பார்க்கலாம்.

முகாமில் அடைபட்டவர்களில் உயிரோடு இருந்தவர்களிடம் அமெரிக்க அரசு 1988ல் மன்னிப்புக் கேட்டது. தலைக்கு 20,000 டாலர் இழப்பீடும் தந்தது. லெட் ஆர்சனேட் தடை ஆன அதே 1988. தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ செய்தது.

அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2021ல் பூச்சிகளின் பொதுப் பெயர்களைச் சீர்திருத்தும் வேலையைத் தொடங்கியது. ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதாக இருந்த ஓர் அந்துப்பூச்சியின் பெயரை 2022ல் மாற்றினார்கள். ஆசியப் பெருங்குளவி என்று பத்திரிகைகள் அலறிய பூச்சிக்கும் அதே ஆண்டில் வடக்குப் பெருங்குளவி என்று புதுப் பெயர் வைத்தார்கள். நம் வண்டின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னும் முடியவில்லை

1970களின் தொடக்கத்தில் இந்த வண்டு அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருந்தது. தோற்ற கதைகள்தான் அதிகம், ஆனால் ஜெயித்த கதையும் உண்டு. கொலராடோ மாநிலத்தில் பாலிசேடு என்ற பழத்தோட்ட ஊரில் 2003ல் கண்டுபிடித்தார்கள். புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதைக் குறைத்து, தேவையான இடத்தில் மட்டும் மருந்து போட்டு, ஊர் மக்கள் எல்லோரும் ஒத்துழைத்து, 2009க்குள் ஒழித்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பெருநிலத்தில் 2014ல் இத்தாலியின் டிசினோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் தலைகாட்டியது. 2017ல் சுவிட்சர்லாந்து. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் முதன்மை ஆபத்துப் பூச்சிகள் பட்டியலில் இதுவும் ஒன்று. ஆகவே செடிகளைச் சோதிக்கும் சட்டம் தேவையா என்று கேட்டால், கட்டாயம் தேவை. செடியோடு வரும் மண்ணைச் சோதிப்பது வேறு, மனிதனின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் தப்பு.

சரி, அக்காவுக்கு என்ன பதில்?

நான் அனுப்பிய பதில் இது:

"அக்கா, வயிற்றோரம் வெள்ளைக் குஞ்சம் இருக்கு, ஜப்பானிய வண்டுதான். மருந்து டப்பாவைத் திருப்பிக் குடுத்துடு. பழம் பறிக்கும் பருவத்துல, அதுவும் பாப்பா பறிச்சுத் தின்னும் செடியில வேண்டாம். காலையில வெயில் ஏறும் முன்னாடி வண்டு மந்தமா இருக்கும். ஒரு வாளியில சோப்புத் தண்ணி வச்சுக் கிளையைத் தட்டு, விழுந்துடும். தினமும் செய், கும்பல் சேரவே விடாதே. கடையில பை மாதிரி பொறி விப்பாங்க, வாங்காதே. அது பிடிக்கிறதை விட அழைச்சுட்டு வர்றது அதிகம். முக்கியமா, கழுத்துல வெள்ளைப் பொட்டு இருக்கிற வண்டைக் கொல்லாதே. அது ஏற்கெனவே சாகப் போற வண்டு. அதை விட்டா, உள்ளே இருக்கிற ஈ வெளியே வந்து மத்ததைப் பார்த்துக்கும்."

ஒரு வாரம் கழித்து அக்கா பேசினாள். தினமும் காலையில் பாப்பாதான் வாளி பிடிக்கிறாளாம். பொட்டு வைத்த வண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, குதிகுதியென்று குதித்து, பத்திரமாக இலையில் திருப்பி விட்டிருக்கிறாள். ராஸ்பெர்ரி தப்பித்துவிடும் போலிருக்கிறது.

பாப்பாவுக்கு ஏழு வயது. அங்கேயே பிறந்தவள். போனை வாங்கி என்னிடம் கேட்டாள்: "மாமா, இது எத்தனை வருஷமா இங்க இருக்கு?"

"நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்டா."

"அப்ப இது எல்லாமே இங்கதானே பொறந்துச்சு? அப்புறம் ஏன் இன்னும் ஜப்பான் வண்டுன்னு சொல்றாங்க?"

வரலாறு படிக்கிறவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், அவளுக்கு உடனே ஒரு பதில் சொல்ல வரவில்லை. "முதல்ல பேர் வச்சவங்க அப்படி வச்சுட்டாங்கடா" என்று சமாளித்தேன். அவள் திருப்தி ஆனதாகத் தெரியவில்லை. உங்களுக்கு நல்ல பதில் தோன்றினால் சொல்லுங்கள், அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

பி.கு: ரயில் பாதைக் கட்டுரை அடுத்த வாரம் நிச்சயம். செமஸ்டர் தேர்வு குறுக்கே வராமல் இருந்தால் :)